தோளுக்கு இட்ட விலை

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பலேறி வந்த கதையை எழுதினர். காடு அழிந்து தோட்டமான கதையை எழுதினர். சங்கங்கள் தோன்றிய கதையையும் எழுதினர். உழைத்த உடல் பழுதுற்ற பின்னர் அதற்கு ஈடு தந்தவர் யார், எவ்வளவு தந்தனர், எந்த அளவுகோல் கொண்டு அளந்தனர் என்னும் வரலாறு மட்டும் அரசாங்கக் கோப்புகளிலும் சட்ட அட்டவணைகளிலும் உறங்கிக் கிடக்கின்றது. அவ்வரலாற்றின் ஒரு சிறு பகுதியை, உடலுறுப்புகளுள் தோள் ஒன்றை மட்டும் பற்றுக்கோடாகக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

தோளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. விரல் துண்டானால் எவரும் காண்பர். கண் போனால் மருத்துவர் சான்றிதழ் தருவதற்குத் தயங்கார். தோளின் பழுதோ வெளியே தெரிவதில்லை. கை தோளோடு பொருந்தியே இருக்கும். சட்டை அணிந்தால் குறை ஏதும் தோன்றாது. ஆயினும் அக்கையைத் தலைக்குமேல் உயர்த்த இயலாது. இவ்வாறு கண்ணுக்குப் புலனாகாத பழுதுக்கு ஈடு கேட்கும் ஒருவன், போர்வீரனாயினும் பால்மரம் வெட்டியவனாயினும், முதல் விண்ணப்பத்திலேயே முழுமையாக வெற்றி காண்பது அரிது. மேல்முறையீடு அவனுக்கு ஏறத்தாழ விதியாகவே அமைந்துவிடுகின்றது.

தோளுக்கும் இந்நாட்டு உழைப்புக்கும் உள்ள உறவைச் சொற்களே காட்டும். பழைய நிறுத்தல் அளவையான பிக்குல் என்பது மலாய் மொழியில் தோளில் சுமத்தலைக் குறிக்கும் சொல். ஓர் ஆள் சுமக்கத்தக்க சுமை ஒரு பிக்குல், நூறு கட்டி, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 60 கிலோகிராம். மனிதத் தோளையே தராசாக்கிப் பிறந்த அளவை அது. தோட்டத்துத் தமிழர் 'காண்டா' என வழங்கிய சுமைக்கம்பும் கண்டார் என்னும் மலாய்ச் சொல்லின் திரிபே. பினாங்கில் சோற்றையும் குழம்பையும் அக்கம்பில் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றதால் நாசி கண்டார் என்ற உணவுப் பெயரும் தோன்றியது. சங்க இலக்கியத்தில் 'கா' என்னும் ஓரெழுத்துச் சொல் இதே சுமைத்தண்டைக் குறிக்கும். காவடி என்னும் சொல்லும் அதனோடு உறவுடையது. தைப்பூசத்தன்று பத்துமலையில் நேர்ந்துகொண்டு ஒரு நாள் காவடி சுமந்த அதே தோள்கள், ஆண்டின் எஞ்சிய நாள்களில் கூலிக்குக் காண்டா சுமந்தன.

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதுமே தோளால் எழுந்த நிலப்பகுதி எனல் மிகையாகாது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அண்மையிலுள்ள புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை 1886-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பின்னர் இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. தண்டவாளமும் கட்டையும் சுமந்தோர் ஒரு புறம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அமர்ந்தோர் மறு புறம். 1901-ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. கிள்ளான் துறைமுகம் என 1972-இல் பெயர் மாறியது. கொள்கலன் முனையம் 1973-இல் செயற்படத் தொடங்கும்வரை மூட்டைகள் பெரும்பாலும் மனிதத் தோள்வழியே ஏறி இறங்கின. சுற்றிலும் இரப்பர்த் தோட்டங்கள். 1917-இல் கோல சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வாணிக முறையில் செம்பனை நடப்பட்டது. பிற்காலத்தில் செம்பனையே தோளைப் பெரிதும் வருத்தும் பயிராயிற்று. மரம் உயர உயர, நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளைத் தலைக்குமேல் ஏந்தி இழுத்தால்தான் குலை விழும். விழுந்த குலையைச் சுமப்பதும் தோளே.

இத்தோள்கள் ஓய்ந்தபோது என்ன நிகழ்ந்தது? தொடக்க காலத்தில் அதற்குரிய விடை ஒன்றே: கப்பல் சீட்டு. 1907-இல் அமைந்த குடியேற்ற நிதி, தென்னிந்தியாவிலிருந்து ஆளைக் கொண்டுவரும் செலவை முதலாளிமாரிடம் வரியாகத் திரட்டியது. உழைக்க இயலாது போனவர்களைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அந்நிதியைச் சார்ந்ததே. கொண்டுவந்த பணப்பையே கொண்டுபோகவும் பயன்பட்டது. 1930-களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது நலிந்தவரோடு நலமுள்ளவரும் பல்லாயிரவராக நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அனுப்பப்பட்டனர். இந்நிதியைக் கருணையின் அடையாளமாக எழுதுவோரும் உளர். பழுதுற்ற கருவியைக் கடைக்காரனிடமே திருப்பி அனுப்பும் வாணிக முறையாகவே எனக்கு அது தோன்றுகின்றது. ஊர் சென்று சேர்ந்தவனுடைய தோளின் நிலையைப் பற்றி மலாயாவில் எவரும் ஏடு வைத்துக்கொள்ளவில்லை. 1941-இல் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் முறையான மருத்துவ வசதியும் இடம்பெற்றதை, இப்பின்னணியில் வைத்தே உணர்தல் வேண்டும். சைக்கிளில் செல்லும் உரிமையையும் கள்ளுக்கடை மூடலையும் நினைவில் வைத்திருக்கும் நம் நூல்கள் இதனை விரைந்து கடந்துவிடுகின்றன.

இனி, அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். உடலுறுப்புக்கு நூற்றுவீத விலை குறிக்கும் முறை, போர்வீரர் ஓய்வூதியங்கள் வாயிலாகவே உலகெங்கும் பெருவழக்காயிற்று. முதல் உலகப் போரில் கைகால் இழந்து மீண்ட பிரிட்டானிய வீரர்களுக்கு அட்டவணை ஒன்று வகுக்கப்பட்டது. வலக்கை முழுவதும் இழந்தவனுக்கு வாரத்துக்கு 16 ஷில்லிங். இடக்கையாயின் ஒரு ஷில்லிங் குறைவு. இந்தியாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் இதே போக்கில் சென்றது. முழங்கையிலோ அதற்கு மேலோ வலக்கை போனால் நூற்றுக்கு 70, இடக்கை போனால் 60 என அதன் முதல் அட்டவணை கூறியது. சுமை தூக்குவோன் எந்தத் தோளில் சுமக்கிறான் என்பதை அட்டவணை வகுத்தோர் எண்ணியதாகத் தெரியவில்லை. காண்டா சுமப்பவன் தோள் மாற்றி மாற்றியே சுமப்பான். அவனுக்கு வலம் ஏது, இடம் ஏது? இப்பாகுபாடு பிற்காலத்தில் நீங்கியது. இன்று மலேசியச் சட்டத்தின் அட்டவணையில் எந்தக் கையாயினும் தோள்மூட்டோடு துண்டிக்கப்பட்டால் நூற்றுக்கு 90.

துண்டிக்கப்பட்டால் என்பதைக் கவனித்தல் வேண்டும். துண்டிக்கப்படாமல், ஆயினும் ஓரளவே பயன்படும் கைக்கு என்ன விகிதம்? அட்டவணை வாய் திறவாது. மருத்துவர் குழு தன் மதிப்பீட்டின்படி ஓர் எண்ணைச் சொல்லும். வழக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது.

தோள்மூட்டின் அமைப்பை அறிந்தால் இச்சிக்கல் விளங்கும். இடுப்புமூட்டு ஆழ்ந்த கிண்ணத்துள் அமர்ந்தது. தோள்மூட்டோ ஆழமற்ற தட்டில் வைத்த பந்தினை ஒத்தது. அப்பந்தை நழுவாது பற்றிக்கொள்வன நான்கு தசைகளின் நாண்கள். அவற்றுள் மேலே ஓடும் நாண், தோளின் உச்சி எலும்புக்குக் கீழே குறுகிய இடைவெளியில் செல்கின்றது. கையைப் பன்முறை உயர்த்துவோர்க்கு அந்நாண் நாள்தோறும் உரசித் தேயும். ஒரு நாள் கிழியும். அமெரிக்க மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934-இல் தோளைப் பற்றித் தனி நூலே எழுதி, இந்நாண் கிழிதலை விரிவாக ஆராய்ந்தார். ஆயினும் எக்ஸ்ரே படத்தில் எலும்புதான் தெரியும், நாண் தெரியாது. காந்த அலைப்படம் 1980-களில் பரவும்வரை, "படத்தில் ஒன்றும் இல்லை" என்னும் ஒரு தொடர் எத்தனையோ விண்ணப்பங்களை முடித்துவைக்கப் போதுமானதாயிருந்தது. புதிய படம் வந்த பின்னரும் தொல்லை நீங்கவில்லை. வேறு வடிவம் கொண்டது. ஐம்பது அறுபது அகவை கடந்தோர் பலருக்கு, சுமை தூக்காதவராயினும், வலியே இல்லாதவராயினும், அந்நாண் சிறிது கிழிந்திருத்தல் உண்டு. ஆகவே, "கிழிசல் உண்மை, ஆனால் இது வேலையால் வந்ததன்று, முதுமையால் வந்தது" என்னும் மறுமொழி பிறந்தது. முன்னர்ப் பழுது இல்லை என்றனர். பின்னர்ப் பழுது உண்டு, காரணம் வேறு என்றனர்.

இவ்விடத்தில் போர்வீரர் சட்டமும் தொழிலாளர் சட்டமும் பிரிகின்றன. ஐயம் எழுந்தால் அதன் பயன் யாருக்கு என்பதே வினா. பிரிட்டனில் 1919-இல் ஓய்வூதிய மேல்முறையீட்டு நடுவங்கள் சட்டத்தின் வழி உரிமையாயின. 1943-ஆம் ஆண்டின் அரச ஆணை, மெய்ப்பிக்கும் சுமையை வீரன்மேல் ஏற்றலாகாது என்றும், நியாயமான ஐயத்தின் பயன் அவனுக்கே உரியது என்றும் விதித்தது. அமெரிக்காவில் படைத்துறையினரின் தோளுக்கு நுணுக்கமான அளவு உண்டு. கையைத் தோள்மட்டத்துக்கு மேல் உயர்த்த இயலாதெனில் நூற்றுக்கு 20; உடலினின்று 25 பாகைக்கு மேல் விலக்க இயலாதெனில் பழகிய கைக்கு 40, மற்றக் கைக்கு 30. சான்றுகள் இரு புறமும் சமமாக நின்றால் வீரன் பக்கமே தீர்ப்புச் சாயும் என்பது அங்கும் சட்டம். இந்திய உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில், படையில் சேரும்போது குறை எதுவும் பதிவு செய்யப்படாதவனுக்குப் பின்னர் நேர்ந்த நோய் பணியால் நேர்ந்ததாகவே கொள்ளப்பட வேண்டும், அன்று என மறுப்போரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வீரன் நாட்டுக்காக உடலைத் தந்தவன் என்னும் மதிப்பு இவ்விதிகளின் பின்னே நிற்கின்றது. நாட்டின் வருவாயை ஈட்டித் தந்த தோளுக்கு அத்தகைய மதிப்பு எளிதில் வாய்க்கவில்லை.

வீரனுக்கும் தொழிலாளிக்கும் இடையே உள்ள இவ்வேறுபாட்டைச் சயாம் மரண இரயில் போல் தெளிவாகக் காட்டுவது பிறிதொன்றில்லை. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகளும் ஆசியத் தொழிலாளரும் ஒரே மண்ணைச் சுமந்தனர்; ஒரே கட்டைகளைத் தூக்கினர். மலாயாவினின்று சென்றோர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பதினாயிரக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர். கைதிகளின் முகாம்களில் மருத்துவர் இருந்தனர். எட்வர்டு டன்லப் போன்றோர் சப்பானியருக்குத் தெரியாமல் குறிப்பேடுகளும் எழுதினர். போர் முடிந்த பின்னர் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் முன்னாள் கைதிகள் பல ஆண்டுகள் பரிசோதிக்கப்பட்டனர். அவர்தம் ஓய்வூதிய உரிமைக்கு அவ்வறிக்கைகள் துணைநின்றன. 1951-ஆம் ஆண்டுச் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16-ஆம் கூறு, கொடுமைக்கு உள்ளான நேச நாட்டுப் படையினருக்குச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகப் பணம் வழங்க வகை செய்தது. 2000-ஆம் ஆண்டில் பிரிட்டானிய அரசு, உயிருடன் எஞ்சிய முன்னாள் கைதிகளுக்குத் தலைக்கு 10,000 பவுன் அறிவித்தது.

தமிழ்த் தொழிலாளி படையினன் அல்லன். ஆகவே 16-ஆம் கூறு அவனைத் தீண்டவில்லை. அவனுக்குக் குறிப்பேடு எழுதிய மருத்துவர் இல்லை. ஆகவே சான்றும் இல்லை. அப்பாதையின் சயாம் பகுதி 1946-இல் தாய்லாந்து அரசுக்கு 12,50,000 பவுனுக்கு விற்கப்பட்டது. அத்தொகை சப்பானியர் பிற நாடுகளிலிருந்து எடுத்துச் சென்ற இருப்புப்பாதைப் பொருள்களுக்கு ஈடாயிற்று. தண்டவாளத்துக்கு ஈடு கிடைத்தது. 1967-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மலேசியாவும் சப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2 கோடியே 50 இலட்சம் வெள்ளி மதிப்புள்ள உதவி வந்தது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது. நாட்டின் கப்பல் நிறுவனத்துக்கு அவை தொடக்கமாயின என்பதில் பெருமை கொள்ளலாம். எனினும், புண்ணாறாத தோளோடு தோட்டத்துக்குத் திரும்பி மறுபடியும் காண்டா எடுத்தவனுக்கு மேல்முறையீடு செய்ய ஒரு நடுவம் இல்லை. முறையீடு செய்யவே இடமில்லாதபோது மேல்முறையீடு எங்கிருந்து வரும்?

விடுதலைக்கு முன்னரே இயற்றப்பட்ட 1952-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நிலைமையை ஓரளவு மாற்றியது. விபத்துக்கு முதலாளி ஈடு தருதல் வேண்டும். வழக்கைத் தொழிலிலாகா ஆணையர் தீர்ப்பார். 1954-இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பி.பி. நாராயணன் தலைமையில், எழுத்தறியாதவனுக்கு இத்தகைய அலுவலகங்களின் படியேறும் துணிவைத் தந்தது. ஆயினும் கொடுப்பவனும் மறுப்பவனும் ஒரே முதலாளியாகவே இருந்தான். இக்குறையை நீக்க வந்தது 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம். அக்காலத்தில் தொழிலமைச்சராக விளங்கியவர் கிள்ளான் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வெ. மாணிக்கவாசகம். மக்கள் 'சொக்சோ' என வழங்கும் நிறுவனம் 1971-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 1-ஆம் நாள் தோன்றியது. முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் சந்தாவினின்று ஈடு வழங்கப்பட்டது. வேலையிடத்து விபத்துக்கு ஒரு திட்டம்; எக்காரணத்தாலும் உழைக்க இயலாது போனவர்க்கு வேறொரு திட்டம். இரண்டாவதைப் பெற, ஒத்த நலமுள்ள தொழிலாளி ஈட்டுவதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட இயலாதவராக இருத்தல் வேண்டும்.

மாணவர்கள் இச்சட்டத்தின் ஒரு தொடரைக் கூர்ந்து படிக்கலாம். வேலையினின்று தோன்றியதும் வேலையின் போக்கில் நிகழ்ந்ததுமான காயம் என்பது அது. 1897-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்திலிருந்து மாறாமல் வந்த தொடர். இரண்டு நிபந்தனைகள்; ஓர் 'உம்'மையால் இணைந்தவை. வேலை நேரத்தில் நிகழ்ந்த விபத்து, மாறான சான்று இல்லையெனில், வேலையினின்றே தோன்றியதாகக் கொள்ளப்படும் என நம் சட்டம் தொழிலாளிக்கு ஒரு சலுகை அளிக்கின்றது. நல்ல விதிதான். எனினும் அதற்கு முதலில் ஒரு விபத்து வேண்டும். அதற்கு ஒரு நாளும் ஒரு நேரமும் வேண்டும். இருபது ஆண்டுகள் கழி தூக்கித் தேய்ந்த தோளுக்கு எந்த நாளைக் காட்டுவது? தொழில்நோய்ப் பட்டியல் இதற்கு மாற்று வழி. ஆனால், அத்தகைய பட்டியல்களுக்கு மூலமான பிரிட்டானியப் பட்டியலில் 1907 முதலே சுரங்கத் தொழிலாளியின் கை, முழங்கால், முழங்கை ஆகியவற்றின் வீக்கங்கள் இடம்பெற்றன. தோளுக்கு அத்தகைய தனியிடம் தரப்படவில்லை. சுரங்கத்தைக் கண்டு எழுதிய பட்டியல் அது. செம்பனைத் தோட்டத்தைக் கண்டதன்று.

மருத்துவக் குழு அறிவித்த விகிதத்தை ஏற்காதவர், அம்முடிவு தெரிவிக்கப்பட்டதினின்று 90 நாள்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் முறையிடலாம். காயம் வேலையால் வந்ததா, சந்தா செலுத்தப்பட்டதா என்பன போன்ற வினாக்களுக்குச் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு நடுவம் தனியே உண்டு. அதற்கும் அப்பால் உயர் நீதிமன்றம். வழிகள் உள்ளன என்பதை மறுத்தல் கூடாது. விகிதத்தில் சிறிய வேறுபாடும் வாழ்வை மாற்றவல்லது. நிலையான ஊனம் நூற்றுக்கு 20-ஐ மீறாவிடின் மொத்தத் தொகையாகப் பெற்றுக்கொள்ளலாம். மீறினால் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் அவ்வாறு பெற்று, எஞ்சியதை வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் பெறலாம். தோள் வழக்குகள் இந்த 20 என்னும் கோட்டருகே வந்து நிற்கக்கூடியவை. மருத்துவரின் பாகைமானி சில பாகைகள் இங்கோ அங்கோ சாய்வதில் ஒரு குடும்பத்தின் மாத வருவாய் தொங்குகின்றது.

இவ்வழக்குகளில் வெல்வது பெரும்பாலும் காகிதம். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் 21-ஆம் பாரத்தில் அறிவித்தல் வேண்டும் என்பது நெடுங்கால நடைமுறை. அன்று எழுதப்படாதது ஓராண்டு கழித்து மருத்துவக் குழுவின்முன் நிகழாததாகிவிடும். தோட்டத்து மருந்தகத்தில் டிரெசர் தைலம் தேய்த்து அனுப்பிய தோள்வலிக்கு ஏட்டில் ஒரு வரி இருந்தால் அதுவே சான்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாறியும் போனபோது மக்கள் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் ஷா ஆலமுக்கும் பெயர்ந்தனர். அத்தகைய ஏடுகள் அவர்களோடு பெயர்ந்து வரவில்லை. புதிய தொழிற்சாலை முதலாளி, "தோள் இங்கு வருவதற்கு முன்பே பழுது" என்பான். பழைய தோட்டமோ வரைபடத்திலேயே இல்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கிராணிமாரும் அந்நாளில் பிறருக்காக எழுதித் தந்த மனுக்களின் படிகள் எவரிடமேனும் இருப்பின், அவை இவ்வரலாற்றுக்குக் கல்வெட்டுகளை ஒத்த சான்றுகள்.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். ஈடு என்பது ஊதியத்தின் விகிதம். நிலையான முழு ஊனத்துக்கு நாட்கூலி மதிப்பில் நூற்றுக்கு 90 எனச் சட்டம் தாராளமாகவே கூறுகின்றது. ஆனால் சிறிய கூலியின் 90 விழுக்காடு சிறிய தொகையே. அலுவலகத்தில் அமர்ந்தவனின் தோளும் குலை வெட்டுபவனின் தோளும் மருத்துவர்முன் ஒரே விகிதம் பெறினும், கருவூலத்தின்முன் ஒன்றாவதில்லை. அமர்ந்தவன் பழுதுற்ற தோளோடும் தன் வேலையைத் தொடரலாம் என்பது வேறு.

கழி இன்று பெரும்பாலும் வேறு கைகளுக்கு மாறிவிட்டது. இந்தோனேசியாவினின்றும் வங்காளதேசத்தினின்றும் வந்தோரே தோட்டங்களில் மிகுதி. 1993-இல் அயல்நாட்டுத் தொழிலாளர் சொக்சோவினின்று விலக்கப்பட்டு, 1952-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கே தள்ளப்பட்டனர். விபத்து ஈட்டில் உள்நாட்டவர்க்கும் அயலவர்க்கும் வேறுபாடு கூடாதெனும் 1925-ஆம் ஆண்டின் உலகத் தொழில் அமைப்பு ஒப்பந்தத்தை மலாயா 1957-இலேயே ஏற்றிருந்தது. அவ்வமைப்பு இதனைப் பன்முறை சுட்டிக் குறைகூறியது. வாழ்நாள் மாதத்தொகை ஒருவனுக்கு, ஒருமுறைத் தொகையோடு ஊர் திரும்புதல் மற்றவனுக்கு என்னும் நிலை, நம் பாட்டனார் காலத்துக் கப்பல் சீட்டை ஓரளவு நினைவூட்டுவதே. 2019-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 1-ஆம் நாள் முதல் அவர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துள் கொண்டுவரப்பட்டனர். 1952-ஆம் ஆண்டுச் சட்டமும் நீக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்குரிய 90 நாள்கள் இப்போது அவர்களுக்கும் உண்டு. அவர்களுள் பலருக்கு முடிவுக்கடிதம் வந்து சேரும்போது வேலை அனுமதியில் எஞ்சியிருக்கும் நாள்கள் அதனினும் குறைவாக இருத்தல் கூடும்.